ஒப்பந்தத்தில் எழுதப்படாதவை: தகவல் தொழில்நுட்ப அயல்பணியும் மனித உறவுகளும்

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய பணியைத் தன் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியரைக் கொண்டு செய்துகொள்ளாமல், விலை பேசி, காலக்கெடு வைத்து, வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் விடுவதை அயல்பணி ஒப்படைப்பு என்பர். பேச்சு வழக்கில் அவுட்சோர்சிங் என்பதே நிலைத்துவிட்டது. கணினித் துறையில் இம்முறை பெரிய நிறுவனங்களின் மதிப்பைப் பெற்றது 1989இல், அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் தன் கணினி மையத்தை நடத்தும் பொறுப்பை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்த பிறகுதான். கணினிப் பிரிவை வெளியார் கையில் கொடுக்க அதுவரை தயங்கியவர்கள், கோடாக்கே கொடுத்துவிட்டது என்ற செய்தி கேட்டுத் துணிந்தார்கள். செயற்கைக்கோள் இணைப்பும் கடலடிக் கம்பிவடமும் மலிவானபோது, அடுத்த தெருவில் இருந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பணியை அடுத்த கண்டத்துக்கும் கொடுக்கலாம் என்றாயிற்று. அந்தக் கடல்கடந்த பணியின் மிகப் பெரும் மையங்களுள் ஒன்றாகச் சென்னை வளர்ந்தது.

இதற்குப் பொருளியலார் தரும் விளக்கம் செலவைப் பற்றியது. ஒரு வேலையை உள்ளேயே செய்வதா, சந்தையில் வாங்குவதா என்ற கேள்வியை 1937இல் எழுப்பிய ரொனால்ட் கோஸும், அவர் வழியில் சென்ற ஆலிவர் வில்லியம்சனும், பேரம் பேசுவதற்கும் கண்காணிப்பதற்கும் ஆகும் செலவே அதைத் தீர்மானிக்கிறது என்றனர். இவ்விளக்கத்தில் நிறுவனங்கள் இருக்கின்றன, ஒப்பந்தம் இருக்கிறது. மனிதர்கள் அரிதாகவே தென்படுகிறார்கள். ஸ்டீவர்ட் மெக்காலே என்ற சட்ட அறிஞர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தொழில் நிறுவனங்களை ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறான காட்சியைத் தந்தது. தொழில் நடத்துவோர் தகராறு வரும்போது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்பதே குறைவு என்றும், பழக்கம், நற்பெயர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டுமே என்ற எண்ணம் ஆகியவையே அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன என்றும் அவர் கண்டார்.

கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தாருக்கு இது வியப்பான கண்டுபிடிப்பாக இராது. மாசி மகத்தின்போது அவ்வூர்ப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி செல்லும் வழியில், எந்த மண்டகப்படியை யார் ஏற்பது என்பதும், கிள்ளை தைக்காலில் தர்கா சார்பில் இஸ்லாமியர் வரவேற்று மாலை சாத்துவதும், அவர்களுக்குக் கோயில் மரியாதை செய்யப்படுவதும் எந்தப் பத்திரத்தின் வற்புறுத்தலாலும் நடப்பவை அல்ல. செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு முகத்தைக் காட்ட முடியாது என்பதே அங்கு உறுதிமொழி. அயல்பணித் துறையும் இப்படிப்பட்ட எழுதப்படாத கடமைகளின் மேல்தான் நிற்கிறது என்பதும், அவற்றை உண்டாக்கிக் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு நிறுவனங்களுக்கும் வெளியே, பெரும்பாலும் இத்தகைய சிற்றூர்களில் இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் பங்கு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுமே இச்சொற்பொழிவின் கருத்து.

தொலைவிலிருக்கும் வாங்குவோருக்காக வேலை செய்யும் வழக்கம் கடலூர்ப் பகுதியில் மூன்று நூற்றாண்டுப் பழமை உடையது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. அங்கிருந்து லண்டனுக்குப் போன முக்கியச் சரக்கு துணி. கம்பெனி நெசவாளரிடம் நேரடியாகப் பேசவில்லை. உள்ளூர் வணிகர்களிடம் மாதிரித் துணியைக் கொடுத்து, முன்பணம் கொடுத்து, இத்தனை கட்டு இந்தத் தரத்தில் கப்பல் வரும் முன் வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. வணிகர் அம்முன்பணத்தைப் பிரித்து ஊர் ஊராக நெசவாளரிடம் சேர்த்தனர். துணி கிடங்குக்கு வந்ததும் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்பட்டது, தேறாதது திருப்பியனுப்பப்பட்டது. அந்த இழப்பு லண்டனையோ கோட்டையையோ சேரவில்லை. வணிகர் வழியாக இறங்கி, முன்பணத்தை ஏற்கெனவே நெல்லாக்கிச் சாப்பிட்டுவிட்ட நெசவாளர் வீட்டில் போய் நின்றது.

இவர்களுக்கு நடுவே நின்றவர் துபாஷி எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் படிப்போர்க்கு, அந்த வேலை மொழிபெயர்ப்போடு முடியவில்லை என்பது விளங்கும். துரையின் மனநிலை அறிந்து பேசுதல், வணிகரின் தாமதத்துக்குத் துரை ஏற்கும்படியான காரணம் சொல்லுதல், துரையின் கோபத்தை ஊரார் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொண்டுபோதல், இரு பக்கமும் தன்னைச் சந்தேகிப்பதைப் பொறுத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கின. இன்றைய அயல்பணியில் வாடிக்கையாளர் நாட்டில் அமர்ந்திருக்கும் 'ஆன்சைட் கோ-ஆர்டினேட்டர்' செய்வது ஏறத்தாழ இதுவே. பகல் முழுதும் வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருந்து, அங்கே தேவை என்று சொல்லப்படுவதையும் சொல்லாமல் விடப்படுவதையும் கேட்டுக்கொண்டு, இரவில் சென்னைக் குழுவிடம் அதை வேலையாகப் பிரித்துக் கொடுக்கிறார். சென்னையில் ஒரு பிழை நேர்ந்தால் மறுநாள் காலையில் வாடிக்கையாளர் முகத்துக்கு எதிரே நிற்பவரும் அவரே. அன்றைய மாதிரித் துணியின் இடத்தில் இன்று 'எஸ்.எல்.ஏ.' என்ற சேவைத்தர உடன்படிக்கை இருக்கிறது. பழுது என்று தகவல் வந்த எத்தனை நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் எவ்வளவு கழிக்கப்படும் என்று அது வரையறுக்கும். அது நிறுவனங்களுக்கு இடையே எழுதப்பட்டாலும் அந்த நிமிடங்களைத் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவர் பணி அட்டவணையில் கடைசி வரியில் இருக்கும் இளைஞர்.

தமிழ்நாட்டில் இத்துறை அமைந்த வரலாறு பலரும் அறிந்தது. சுருக்கமாகச் சொன்னால் போதும். 1968இல் தொடங்கிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) வழி காட்டியது. 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் ஏற்றுமதிக்கு வரிச்சலுகையும் இணைப்பு வசதியும் தந்தது. பின்னாளில் காக்னிசன்ட் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1994இல் சென்னையில் தொடங்கப்பட்டது. 1997இல் மாநில அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. இந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறாத இன்னொரு வரலாறு கல்வியைப் பற்றியது. 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு 1994இல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப் பாதுகாப்பு கிடைத்தது. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வந்தது. நகரத்துப் பயிற்சி மையங்களுக்கே சாதகமாக இருந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப்பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு கிடைத்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளோடு இவை சேர்ந்ததால்தான், சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு வெட்டும் வீட்டுப் பிள்ளையும், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வீட்டுப் பெண்ணும் நியூயார்க் வங்கியின் கணினிக்குள் நுழைய முடிந்தது. மலிவான, திறமையான உழைப்பு இந்தியாவில் கிடைக்கிறது என்று மேலை நாட்டு நிர்வாக நூல்கள் எழுதும்போது, அந்த உழைப்பை உருவாக்க ஒரு சமூகம் அரை நூற்றாண்டாக நடத்திய போராட்டத்தையும் போட்ட வரிப்பணத்தையும் அச்சொல் விழுங்கிவிடுகிறது.

கல்லூரியிலிருந்து நிறுவனத்துக்குப் போகும் வழியில் உறவின் பங்கு இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. அமெரிக்கச் சமூகவியலார் மார்க் கிரானோவெட்டர் 1973இல், நெருங்கிய சுற்றத்தைவிடத் தூரத்துப் பழக்கங்களே வேலைச் செய்திகளைக் கொண்டுவருகின்றன என்று நிறுவினார்; நெருங்கியவர்க்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பது அவர் தந்த காரணம். ஸ்ரீமுஷ்ணத்திலும் விருத்தாசலத்திலும் இது வேறு வடிவம் கொள்கிறது. கல்லூரி சீனியர் ஒருவர் பெருங்குடியிலோ மேடவாக்கத்திலோ எடுத்திருக்கும் அறையே முதல் நிலையம். அங்கே பாயைப் பகிர்ந்துகொண்டு, வாடகையில் பங்கு கொடுக்க முடியாத மாதங்களைச் சீனியரின் பெருந்தன்மையில் கழித்து, அவர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய், அவர் நிறுவனத்திலேயே 'ரெஃபரல்' என்ற பரிந்துரை வழியாக நுழைவது பலருடைய வரலாறு. ஊழியர் அழைத்துவரும் ஆளுக்கு நிறுவனங்கள் ஊக்கத்தொகை தருவதற்குக் காரணம் இருக்கிறது: அறிமுகம் செய்தவரின் மானம் புதியவரின் நடத்தைக்குப் பிணையாகிறது. விலை கொடுத்து வாங்க முடியாத அந்தப் பிணை, ஊக்கத்தொகையின் சிறு செலவில் கிடைத்துவிடுகிறது.

அதே வழி எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்த்தெருவிலிருந்து பத்துப் பேர் முன்னே போயிருக்க, காலனியிலிருந்து முதல் ஆளாகப் படித்து வெளியே வருபவருக்குத் தங்க அறை தரும் சீனியர் யார் என்பதே முதல் கேள்வி. கிறிஸ்டோபர் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் சென்னைத் தகவல் தொழில்நுட்பத் துறையினரை ஆராய்ந்து 2006இல் எழுதிய கட்டுரையில், கிராமத்து மாணவர்களுக்கு 'எக்ஸ்போஷர்' போதாது என்ற பேச்சு ஆள்சேர்ப்பில் எப்படிப் பயன்படுகிறது என்று காட்டினர். எக்ஸ்போஷர் என்பது உலக அனுபவம், நகரத்து நடை, தயங்காத ஆங்கிலம் ஆகியவை கலந்த ஒன்று. பாடத்திட்டத்தில் அது இல்லை, வீட்டில்தான் கிடைக்கிறது. பெங்களூரை ஆராய்ந்த கேரல் உபாத்யாவும், சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து 2019இல் நூல் எழுதிய அஜந்தா சுப்பிரமணியனும், தகுதி என்று பெயரிடப்படுவதற்குள் பிறப்பின் சலுகைகள் எவ்வாறு ஒளிந்திருக்கின்றன என்பதை வெவ்வேறு வழிகளில் விளக்கியுள்ளனர். கடல் கடந்தாலும் இது கரைந்துவிடவில்லை. 2020இல் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடர்ந்தது; அதில் தனிநபர்கள் மீதான குற்றச்சாட்டு 2023இல் திரும்பப் பெறப்பட்டாலும், அவ்வாண்டே சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய நேர்ந்தது. உறவு என்ற சொல்லுக்கு ஒரு வெதுவெதுப்பு இருப்பதால் அதை எப்போதும் நன்மையாகக் கொள்வது பிழை. கதவைத் திறக்கும் உறவே அடுத்தவருக்கு அதை அடைத்தும் விடுகிறது.

தரகர்களின் உலகம் தனியே ஆராயத்தக்கது. 'பாடி ஷாப்பிங்' என்பது, ஒரு முகவர் கணினி வல்லுநரை விசா எடுத்து வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று, வேலை கிடைக்கும்வரை 'பெஞ்ச்' எனப்படும் காத்திருப்பில் வைத்து, பிறகு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் முறை. ஆந்திரத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே இதை நேரில் ஆராய்ந்து ஷியாங் பியாவ் 2007இல் வெளியிட்ட நூலின் மிக முக்கியமான பகுதி, படிப்புக்கும் பயணத்துக்கும் ஆன பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிச் சென்றதாகும். பல இடங்களில் அது மனைவி வீட்டார் கொடுத்த வரதட்சணை. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஏதோ ஒரு கிராமத்துப் பெண்ணின் தந்தை தன் நிலத்தின் பேரில் தாங்கினார் என்பது அதன் பொருள். தமிழகத்துத் திருமணச் சந்தையிலும் 'ஐ.டி. மாப்பிள்ளை' என்பதற்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பும், 2008ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு 'கவர்மென்ட் வேலையா?' என்று மீண்டும் கேட்கத் தொடங்கியதும், வால் ஸ்ட்ரீட்டின் நிலைமையை இங்குள்ள வீடுகள் எவ்வளவு விரைவாகப் படித்தன என்பதற்குச் சான்று.

வேலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் தருணம் இத்துறையிலேயே மிகக் கடுமையான மனித உறவு. 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்', சுருக்கமாகக் கே.டி., என்று அதைக் குறிப்பிடுகின்றனர். ஒரு மென்பொருள் பல ஆண்டுகள் ஓடும்போது, அதைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி ஆவணத்தில் இராது. அதைப் பராமரித்தவரின் நினைவில் இருக்கும். எந்த நிரல் மாதக் கடைசியில் தடுமாறும், எந்தக் கோப்பை எப்போதும் தொடக்கூடாது என்பவற்றை அவர் வாய் திறந்து சொன்னால்தான் புதிய குழு அறியும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா எடிசன் நிறுவனத்திலும் டிஸ்னி நிறுவனத்திலும், வேலை இழக்கப்போகும் ஊழியர்களே தங்கள் இடத்துக்கு வரும் இந்திய நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டியிருந்தது அங்கே பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. கற்றுக்கொடுத்தவரின் அவமானம் செய்தியாயிற்று. எதிரே அமர்ந்து கற்றுக்கொண்டவரின் நிலை செய்தியாகவில்லை. கல்விக்கடன் தவணை நிலுவையில் இருக்க, முதல் வெளிநாட்டுப் பயணத்தில், தன் தந்தை வயதுடைய ஒருவரிடம் அவர் வேலையை வாங்கிக்கொள்ளும் இளைஞருக்கு அந்த ஏற்பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை எதுவும் இருக்கவில்லை. இரு நிறுவனங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பகையை இரு மனிதர்களின் முகத்துக்கு எதிரே வைத்துவிட்டு, நிறுவனங்கள் அதற்குப் பணிமாற்றம் என்று பெயரிட்டன.

நேரமும் ஓர் உறவுதான். நியூயார்க்குக்கும் சென்னைக்கும் இடையே குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் வேறுபாடு. இந்த இடைவெளியை யாராவது ஒருவர் தன் உடலால் நிரப்ப வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுப்பவர் ஆகையால் அது பெரும்பாலும் சென்னைப் பக்கமிருந்தே நிரப்பப்படுகிறது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் 'கால்' எனப்படும் அழைப்பு பத்து மணிக்கு முடிவதும், அழைப்பு மையங்களில் முழு இரவும் விழித்திருப்பதும் பழகிப்போனவை. வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் எரிச்சல் தெரியாமல் காப்பதை ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டு விளக்கினார். உணர்ச்சியை அடக்குவதும் வரவழைப்பதும் கூலிக்குரிய வேலையின் பகுதியாகிவிடுவதை அது குறிக்கும். அந்த உழைப்பு செலவானபின் வீட்டுக்குக் கொடுக்க மிஞ்சுவது குறைவு. பெண்களுக்கு இதில் இரட்டைப் பாரம் உண்டு. நள்ளிரவில் நிறுவனத்தின் 'கேப்' தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவதை அக்கம்பக்கம் எப்படிப் பேசும் என்பதும், விடிந்ததும் அடுப்படிக் கடமை காத்திருப்பதும் எந்தப் பணி அட்டவணையிலும் இல்லை. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போய், பேச்சுத் துணையின்றி அடுக்குமாடியில் அடைந்திருக்கும் பாட்டியரும் இத்தொழிலின் உழைப்பாளரே. மருமகள் இரவு அழைப்பில் அமர முடிவது அவர்கள் மடியில் குழந்தை உறங்குவதால்.

வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியாகப் போகும் குடிநீருக்கு அளவுமானி உண்டு. அதே வட்டாரத்திலிருந்து அதே நகரத்துக்குப் போகும் இந்தக் கவனிப்புக்கும் கடனுக்கும் இரவல் அறைக்கும் அளவுமானி இல்லை.

நிறுவனங்கள் தங்களைக் குடும்பம் என்று அழைத்துக்கொள்வது இத்துறையின் வழக்கம். ஊழியரின் பெற்றோரை அலுவலகத்துக்கு அழைத்துச் சுற்றிக்காட்டும் நாள், பொங்கலுக்கு வேட்டி சேலை, பிறந்த நாளுக்குக் கேக் ஆகியவற்றைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊரைவிட்டு வந்தவர்க்கு அவை உண்மையான ஆறுதல் தந்தன, குழுக்களுக்குள் உண்மையான நட்புகளும் திருமணங்களும் சாதி கடந்தும் மலர்ந்தன. ஆயினும் அக்குடும்பத்தின் எல்லை 2014 டிசம்பரில் தெரிந்தது. டி.சி.எஸ். நிறுவனத்தில் பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள் செயல்திறன் குறைவு என்ற காரணத்தில் வெளியேற்றப்பட்டபோது, மேலாளர் பதவிப் பெயரைத் தாங்கியிருந்த பலருக்குத் தாங்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளரா இல்லையா என்பதே தெரிந்திருக்கவில்லை. கருவுற்றிருந்த ஓர் ஊழியரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தது. புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவும், ஐ.டி. ஊழியர் மன்றமான ஃபைட் அமைப்பும் அக்காலத்தில் உருவாயின. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இந்நிறுவனங்களுக்கும் பொருந்தும், ஊழியர் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. எனினும் பெரும்பாலோர் சங்கத்தில் சேரவில்லை. அச்சம் ஒரு காரணம். 'பெல் கர்வ்' முறை இன்னொன்று. ஒரு குழுவில் எல்லாரும் நன்றாகப் பணியாற்றினாலும் குறிப்பிட்ட விழுக்காட்டினரைக் கடைசித் தரத்தில் வைத்தே ஆக வேண்டும் என்ற அந்த மதிப்பீட்டு முறை, பக்கத்து மேசைக்காரரை நண்பராகவும் போட்டியாளராகவும் ஒரே நேரத்தில் ஆக்கிவிடுகிறது. 2025 ஜூலையில் அதே நிறுவனம் 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பத்தாண்டுக்கு முன் எழுந்த கேள்விகள் பெரும்பாலும் விடையின்றி அப்படியே இருந்தன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேலை மனிதரைத் தேடி ஊருக்கு வந்தது. வீட்டிலிருந்து பணிசெய்ய இருந்த தடைகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியது. மொட்டைமாடியில் அலைவரிசை தேடியும், மின்தடைக்கு அஞ்சி இன்வெர்ட்டர் வாங்கியும், ஸ்ரீமுஷ்ணத்துத் தெருக்களிலிருந்தே வெளிநாட்டுக் கணினிகள் பராமரிக்கப்பட்டன. பிள்ளைகள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பெற்றோர் பலர் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். சம்பளத்தை அறிந்திருந்தவர்கள் அதன் பின்னிருந்த இரவுகளை அப்போது அறிந்தார்கள். வேலையை ஊருக்குக் கொண்டுவரும் முயற்சி அதற்கு முன்பே இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஊக்கத்தில் தொடங்கிய தேசிக்ரூ நிறுவனம் திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் மையம் அமைத்து, வெளியூர் அனுப்பப்படாத பெண்களுக்குக் கணினி வேலை கிடைக்கச் செய்தது. 2024இல் விழுப்புரத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை, பாட்டியின் மடியையும் சொந்த வீட்டின் கூரையையும் இழக்காமல் வேலை செய்ய வழி தருபவை. ஆனால் தரவுக்குக் குறியிடுதல், படிவங்களைச் சரிபார்த்தல் போன்ற பகுதி வேலைகளே சிற்றூருக்கு வருகின்றன. எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்ற முடிவு வருவதில்லை. செயற்கை நுண்ணறிவு முதலில் விழுங்கக்கூடியவையும் இத்தகைய பணிகளே என்பதால், ஊருக்கு வந்து சேர்ந்த வேலை ஊரிலேயே முடிந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

இங்கே கடலூர் மாவட்டத்தின் இன்னொரு தொழிலை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பல ஆண்டுகள் பணிநிரந்தரம் கேட்டுப் போராடினர். 2012இலும் 2014இலும் நீண்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன. அவர்கள் கையில் ஒரு சட்டம் இருந்தது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 'முதன்மை வேலையளிப்பவர்' என்ற கருத்தை வரையறுத்தது: ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால், யாருடைய இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த நிறுவனமே கொடுக்க வேண்டும், உணவகம், ஓய்வறை போன்ற வசதிகளுக்கும் இறுதிப் பொறுப்பு அதனுடையதே. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அக்கருத்து தொடர்கிறது. நெய்வேலித் தொழிலாளிக்குத் தன் வேலையின் பயனை யார் அடைகிறார் என்பது தெரியும். அந்த நிறுவனத்தின் வாயில் எங்கே இருக்கிறது என்பதும், அங்கே போய் நிற்கலாம் என்பதும் தெரியும்.

சிறுசேரியில் பணியாற்றும் ஸ்ரீமுஷ்ணத்து இளைஞருக்கு இது இல்லை. அவர் சேவை நிறுவனத்தின் நிரந்தர ஊழியர் ஆகையால் ஒப்பந்தத் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆனால் அவர் வேலை நேரத்தையும் விடுப்பையும் குழுவில் அவர் நீடிப்பதையும் தீர்மானிப்பது வாடிக்கையாளர். ஒருவர் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் பெஞ்சுக்குப் போகிறார், பெஞ்சில் நாள் நீண்டால் வெளியேற வேண்டியவராகிறார். அந்த வாடிக்கையாளர் இந்தியச் சட்டத்தின் முன் அவருக்கு யாரும் அல்ல. பன்னாட்டு ஆடை நிறுவனங்கள் தங்களுக்காகத் தைக்கும் திருப்பூர்த் தொழிற்சாலைகளின் நிலைமைக்கும் ஓரளவு பதில் சொல்ல வேண்டும் என்ற வற்புறுத்தல், நுகர்வோர் இயக்கங்களாலும் தொழிற்சங்கங்களாலும் மெல்ல எழுந்தது. மென்பொருளில் அப்படி ஒரு கேள்வியை எந்த வாடிக்கையாளரிடமும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சேவை உடன்படிக்கையில் நிமிடங்களை எண்ணி எழுத முடிந்த நிறுவனங்களுக்கு, இரவு அழைப்புகளுக்கு ஒரு வரம்பும், திட்டம் முடிந்தால் ஊழியருக்கு எத்தனை மாத ஊதியம் உறுதி என்பதும், பணிமாற்றத்தின்போது இரு பக்கத்து ஊழியருக்கும் என்ன பாதுகாப்பு என்பதும் எழுத முடியாதவை அல்ல. அவற்றை எழுதச் சொல்லிக் கேட்கும் வலிமை ஒரு தனி ஊழியருக்கு இல்லை. அது சங்கத்துக்கு இருக்கலாம். நிலமும் சலுகையும் கொடுத்து இத்தொழிலை அழைத்துவந்த மாநில அரசுக்கு நிச்சயம் இருக்கிறது.